தாவாங்கட்டையில் ஒரு தழும்பு

பள்ளிக்கூட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களை இதற்குள் நாலு பேர் பயமுறுத்தியிருப்பார்கள். சம்பளப் பட்டியலில் கவனம், தணிக்கைக்கு வருகிறவர்களிடம் வாயைத் திறக்காதே, பீரோ சாவியை யாரிடமும் கொடுக்காதே என்று. எல்லாம் சரிதான். ஆனால் முப்பத்தொரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், என்னைக் குப்புறத் தள்ளியது இவை எதுவுமில்லை. மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று இரண்டு வரி விட்டிருப்பார்களே, அதுதான்.

என் முதல் பள்ளியில் எனக்கு வேலை பழக்கிய மூத்த எழுத்தர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். “ஆளைப் பாத்து எழுது, சத்தத்தைக் கேட்டு எழுதாத” என்பார். ஒரு நாள் ஒரு பையன் தன் நெற்றி மச்சத்தைக் காட்டினான். இவர் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். மச்சம் துணியோடு வந்துவிட்டது. தார். அவன் வீட்டு வாசலில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவரைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிக்காமல் அந்தத் துணியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கலாம்.

அப்புறம் செய்யூர் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதலாகி வந்தேன். பத்தாம் வகுப்பில் நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். சான்றிதழுக்கு ஒவ்வொருவர் உடம்பிலும் மச்சமோ தழும்போ கண்டுபிடித்து இங்கிலீஷில் எழுத வேண்டும். மூன்று நாள் வேலையை ஒரே மத்தியானத்தில் முடிக்க நானும் விளையாட்டு டீச்சரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் வெளியே நின்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவார். நான் அலுவலக ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து எழுதுவேன். அவர் குரல் மைதானத்துக்கென்றே செய்த குரல். “எஸ்தர், எ ஸ்கார் ஆன் தி சின்” என்றார். நானும் ‘சின்’ என்று எழுதிவிட்டேன். சி, எச், ஐ, என். இங்கிலீஷில் அது தாவாங்கட்டை.

இதில் கேவலம் என்னவென்றால், எஸ்தர் உயரம் குறைந்த பெண். நான் எழுதுவதைப் பார்க்க ஆசைப்பட்டு ஜன்னல் கட்டையின் மேல் தன் தாவாங்கட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். என் பேனாவுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். நான் தலையைத் தூக்கவில்லை.

நாலைந்து வருஷம் அந்த வரியை யாரும் படிக்கவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில், ஒரு அம்மாவும் ஒரு பெண்ணும் அலுவலகத்துக்குள் வந்தார்கள். பெண் எஸ்தர்தான். இப்போது நன்றாக வளர்ந்திருந்தாள். தாவாங்கட்டையில் பெரிதாக ஒரு பிளாஸ்திரி.

“இன்னாம்மா, விழுந்துட்டியா?” என்று கேட்டேன்.

அவள் அம்மா பதில் சொன்னாள். “வுழல. நாந்தான் ஒட்டினேன். நீ எழுதினதுக்கு ஓசரம் ஒட்டினேன்.” சொல்லிவிட்டு மோவாயைத் தோளில் ஒரு இடி இடித்துக்கொண்டாள். அந்த இடியில் என் குலம் கோத்திரம் எல்லாம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். எஸ்தர் காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் தாண்டிவிட்டாள். அன்று காலை செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. அதிகாரி சான்றிதழைப் படித்தார், எஸ்தரைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“நாடியக் காட்டும்மான்னாரு மேடம்” என்றாள் எஸ்தர். “நான் கையை நீட்டினேன்.”

“கையையா?”

“டாக்டர் செக்கப்புன்னு நெனச்சிக்கினேன். அவரு ‘கைய ஏன் நீட்டுத, நாடி, நாடி’ன்னாரு. ‘அதான் சார், புடிச்சிப் பாருங்க’ன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அவருக்குக் கோவம் வந்துடுச்சி. அப்பால ஒரு லேடி போலீசு வந்து என் தாவாங்கட்டையத் தொட்டுக் காட்டினாங்க. தெக்க அத்தத்தான் நாடின்றாங்களாம்.”

நாடியில் தழும்பு இல்லை. உரித்த முட்டை மாதிரி இருந்தது. ஆள்மாறாட்டமோ என்று அதிகாரிக்குச் சந்தேகம். மாலை ஐந்து மணிக்குள் பள்ளியிலிருந்து விளக்கம் வர வேண்டும், வராவிட்டால் பெயரை ஒதுக்கி வைத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“தழும்பு எங்கதாம்மா இருக்கு?” என்றேன்.

எஸ்தர் பேண்டை முழங்கால் வரை ஏற்றினாள். வலது காலில், முன் எலும்பின் மேல், நாலு விரல் நீளத்துக்கு இருந்தது. சின்ன வயதில் சவுக்குத் தோப்பில் வெட்டிவிட்ட கட்டை கிழித்தது. அந்த எலும்புக்கும் இங்கிலீஷில் கிட்டத்தட்ட அதே பெயர்தான். முதல் எழுத்து மட்டும் எஸ். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டேன்.

அம்மாவிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது. “சின்னதா ஒரு கீறு கீறிடலாம். பொண்ணுதான் ஒத்துக்க மாட்டேன்னுது. அதான் பிளாஸ்திரி. உள்ள இன்னா கீதுன்னு எவன் பிரிச்சிப் பாக்கப் போறான்?”

“காலைல இல்லாத காயம் சாயந்தரம் தழும்பா ஆயிடுமா?” என்றேன்.

“அப்போ நீ எழுதினத மாத்து.”

மூவரும் தலைமையாசிரியர் அறைக்குப் போனோம். அவர் திருக்கழுக்குன்றத்துக்காரர், கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம், அதிர்ந்து பேசாத மனிதர். முழுக்கக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார். “அம்மா, கொடுத்து முடிச்ச சான்றிதழ்ல கை வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. மேலே எழுதிக் கேக்கணும். பதில் வர ஒரு மாசம்…”

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. எஸ்தரின் அம்மா மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் மோவாயைப் பிடித்துவிட்டாள். நம் ஊரில் கெஞ்சுகிறவர்கள் மோவாயைத் தொட்டுக் கெஞ்சுவார்கள், தெரியும். இவள் தொடவில்லை. சவுக்குக் கட்டு தூக்கிப் பழகிய கை. ஐந்து விரலாலும் பிடித்தாள்.

“எஞ்சாமி, என் நைனா, ஒரே ஒரு எழுத்து நைனா. ஒரு எழுத்துக்கு எம் பொண்ணு வாழ்க்கை பேஜாராவுது நைனா.”

“ம்… ம்…” என்றார் தலைமையாசிரியர். வாய் குவிந்து மீன் வாய் மாதிரி ஆகிவிட்டது. மறுக்க வேண்டுமென்றாலும் வாய் வேண்டுமே.

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஐயா சரின்ட்டாரு. எழுது.”

அந்த ‘ம்’ சம்மதமா, மூச்சுத் திணறலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சான்றிதழ் என் முன்னால் மேஜையில் இருந்தது. என் கையெழுத்து, என்னிடமிருந்த அதே நீல மை. ‘சி’ என்ற எழுத்தின் வாலைக் கீழே ஒரு வளைவு வளைத்தால் ‘எஸ்’ ஆகிவிடும். ஒரு நொடி வேலை. பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். தப்பு என்னுடையது, திருத்துவதும் நானே, இதில் யாருக்கு நஷ்டம் என்று மனம் ஒரு வக்கீலை வைத்து வாதாடியது.

எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். “காலைல இதை நகல் எடுத்து வெச்சுக்கிட்டாங்களா?”

“ரெண்டு காப்பி வாங்கிக்கினாங்க மேடம்” என்றாள் எஸ்தர்.

பேனாவை மூடிவிட்டேன். நேர்மையால் மூடினேன் என்று உங்களிடம் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை, அந்த இரண்டு நகலால் மூடினேன். நான் வளைத்திருந்தால் சந்தேகத்தில் இருந்த பெண் சாயங்காலம் மோசடியில் மாட்டியிருப்பாள். அதனால் உங்களுக்கு நான் சொல்கிற புத்திமதி பெரிய தர்மம் ஒன்றுமில்லை. கை துறுதுறுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருகிற நேரத்தில் பாதிப் பைத்தியம் தெளிந்துவிடும்.

“ஐயாவை விடுங்கம்மா. நானே செங்கல்பட்டுக்கு வரேன். நான் எழுதினது தப்புன்னு நானே சொல்றேன்” என்றேன்.

அவள் கையை எடுத்தாள். தலைமையாசிரியர் தாடையை இரண்டு பக்கமும் அசைத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு, “கடிதம் தயார் பண்ணுங்க, கையெழுத்துப் போடறேன்” என்றார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

தப்பை ஒப்புக்கொள்ள மட்டும் போனால் போதாது, சரி எது என்பதற்கும் காகிதம் வேண்டும். எஸ்தரின் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். ஆறாம் வகுப்பில் சேரும்போது தொடக்கப்பள்ளியிலிருந்து கொண்டுவந்த தாள் அதில் இருந்தது. தமிழில், குண்டு குண்டான கையெழுத்தில், ‘வலது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு’. யாரோ ஒரு புண்ணியவதி குழந்தையைப் பார்த்து எழுதியிருக்கிறாள். அதை நகலெடுத்துத் தலைமையாசிரியரிடம் சான்றொப்பம் வாங்கிக்கொண்டேன். அப்படியே விளையாட்டு டீச்சருக்கும் போன் போட்டேன். அவர் கடலோரப் பள்ளி ஒன்றுக்கு மாறிப் போயிருந்தார்.

“டீச்சர், எஸ்தருக்கு நீங்க அன்னிக்குச் சொன்னது சின்னா, சின்னா?”

“சின்னுதாம்மா சொன்னேன்.”

“எந்த சின்னு?”

“இது இன்னா கேள்வி. கால்ல கீற சின்னு.”

“அன்னிக்கே கால்னு சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

“சர்டிபிகேட்டு இங்கிலீஷ்லதானம்மா எழுதணும்” என்றார் அவர்.

மதுராந்தகம் போய் பஸ் மாறி செங்கல்பட்டு சேரும்போது மணி நாலேகால். வழியெல்லாம் எஸ்தரின் அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் நான் சாப்பிடவில்லை என்று கவனித்திருக்கிறாள். மதுராந்தகத்தில் இறங்கி இரண்டு வடை வாங்கிவந்து என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எஸ்தர் பிளாஸ்திரியைக் கழற்ற ஆரம்பித்தாள். நல்ல பிளாஸ்திரி. செங்கல்பட்டு வரும்வரை கழற்றினாள்.

மண்டபத்தில் ஐந்தாறு எழுத்தர்கள் வரிசையாக மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அதிகாரி. எஸ்தரைப் பார்த்ததும், “வாம்மா நாடி” என்றார். பிளாஸ்திரி இருந்த இடம் சிவந்து போயிருந்தது. அதை உற்றுப் பார்த்தார். “காலைல இது இல்லையே. இது என்ன?”

“பிளாஸ்திரி ஒட்டினது சார்” என்றாள் எஸ்தர். அந்தப் பெண்ணுக்குப் பொய் வராது. அவள் அம்மா கூரையில் மின்விசிறி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் முன்னால் போய்க் கடிதத்தையும் தொடக்கப்பள்ளித் தாளையும் வைத்தேன். “சார், பள்ளிக்கூட கிளார்க் நான்தான். தப்பா எழுதினதும் நான்தான்.” அதிகாரி பெண் காவலரைக் கூப்பிட்டு எஸ்தரைத் தடுப்புக்குப் பின்னால் அனுப்பினார். காவலர் வந்து, “கால்ல இருக்கு சார். பழைய தழும்புதான்” என்றார்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். “சரிம்மா. இந்தப் பேப்பர்ல கால். அந்தப் பேப்பர்ல நாடி. ஒரு தழும்பு கால்லருந்து நாடிக்கு எப்படிம்மா ஏறும்? நடுவுல எம்புட்டு எடம் கெடக்கு.”

“தழும்பு ஏறலை சார். என் காதுல விழுந்ததுதான் மாறிப் போச்சு. டீச்சர் சொன்னது சின்னு, நான் எழுதினது சின்னு.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா சொல்லுதீங்க.”

“அதேதான் சார்.”

அவர் முகத்தில் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். ஐந்து மணிக்கு இருபது நிமிஷம் இருந்தது. மன்னிப்புக் கேட்டால் சந்தேகம் இன்னும் கூடும் என்று தோன்றியது. விளக்கம் சொல்லச் சொல்ல நான் ‘சின்னு, சின்னு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

“சார், இந்த வரியை நீங்களே ஒரு தடவை சத்தமா வாசிங்க. இவங்க எல்லாரும் எழுதட்டும். எத்தனை பேர் சரியா எழுதறாங்கன்னு பாருங்க.”

அதிகாரி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கால் எலும்பை மனதில் வைத்துக்கொண்டு எழுத்தர்களைப் பார்த்து, “எழுதுங்கலே. எ ஸ்கார் ஆன் தி ரைட் சின்” என்றார்.

ஐந்து பேர் எழுதினார்கள். தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்று பேர் என்னைப் போலவே தாவாங்கட்டை எழுதியிருந்தார்கள். ஒருவர் ‘ஸ்கின்’ என்று எழுதித் தழும்பைப் பொதுவாகத் தோலுக்கே கொடுத்துவிட்டார். கடைசியாக இருந்த பெரியவர் வெறும் எஸ், ஐ, என் போட்டிருந்தார்.

“இது பாவம்லா வே” என்றார் அதிகாரி.

“ஆமா சார், பாவம் அந்தப் பொண்ணு” என்றார் பெரியவர். “கால்ல இன்னா அடி பட்டுதோ.”

முதலில் சிரித்தது பெண் காவலர். பிறகு மண்டபமே சிரித்தது. அதிகாரி தாள்களை மேஜையில் போட்டுவிட்டுத் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். மிளகளவு மச்சம் ஒன்று இருந்தது. “கன்னத்துக்கு இங்கிலீஷ்ல சீக்குன்னு எழுதணும். எங்க பள்ளிக்கூடத்துல எழுதினவர் ஒரு எழுத்த மாத்தி செக்குன்னு எழுதிட்டாரு. முப்பது வருசமா என் மச்சம் செக்குலதான் கெடந்து சுத்துது.” பேனாவை எடுத்து எஸ்தர் பெயருக்கு எதிரே ‘விளக்கம் ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எஸ்தருக்கு வேலை கிடைத்தது. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு காவல் நிலையத்தில் இருக்கிறாள்.

ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதே மத்தியானம், அதே ஜன்னலில், இன்னும் எத்தனை பேரை எழுதினேன்? மறுநாள் பதிவேட்டைப் புரட்டினேன். தாவாங்கட்டையில் அடையாளம் என்று பதினோரு பேர். ஒரே வகுப்பில் அத்தனை பேருக்கு அங்கேயே இருந்தால் அது வம்ச வியாதி. தலைமையாசிரியரிடம் போய் நானே சொன்னேன். அவர் தன் தாடையைத் தடவிக்கொண்டு, “எல்லாரையும் கூப்பிடுங்க. ஆனா அவங்க அம்மாங்க வேண்டாம்” என்றார்.

ஒரு சனிக்கிழமை வந்தார்கள். பால் வண்டி ஓட்டுகிறவன், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, கல்லூரியில் படிக்கிற இருவர், இப்படி. பையன்கள் வராந்தாவில் வரிசையாக நின்று பேண்டைச் சுருட்டினார்கள். பெண்களை வகுப்பறைக்குள் நானே பார்த்தேன். இந்தத் தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஈரத்துணியும் கையில் இருந்தது. நாலு பேருக்குத்தான் உண்மையிலேயே தாவாங்கட்டை. மற்றவர்களுக்கெல்லாம் கால்.

கடைசியாக வந்தவன் சரவணன். திருவிடந்தையில் சாலையோரம் நாஸ்தா கடை வைத்திருக்கிறான். மார்பு வரை தாடி. கல்யாணம் ஆகிறவரை எடுப்பதில்லை என்று வேண்டுதலாம்.

“எனக்குச் சரியாத்தான் மேடம் எழுதிக்கீறீங்க. தாவாங்கட்டைல மச்சம்” என்றான் பெருமையாக. “எங்கூர்ப் பெருமாளுக்குத் திருஷ்டிப் பொட்டு கீதே, அதே எடம். பொண்ணு வூட்டுக்காரங்க கிட்டல்லாம் இத்தத்தான் சொல்லிக்கினுகீறோம்.”

தலைமையாசிரியருக்கு ஆர்வம் வந்துவிட்டது. பென்சிலால் தாடியை வகிடெடுத்து வகிடெடுத்துத் தேடினார். நானும் தேடினேன். பால் வண்டிக்காரன் செல்போன் விளக்கைப் பிடித்தான். ஒன்றுமில்லை.

“நீ கண்ணாடில பாத்துருக்கியாப்பா?” என்றேன்.

அவன் யோசித்தான். “பாத்ததில்ல மேடம். மீசை மொளைக்கிறப்போவே தாடியும் வந்துடுச்சி. சர்டிபிகேட்டுல போட்டுக்கீதேன்னு…”

“பேண்டைத் தூக்கு.”

கால் எலும்பின் மேல் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. அவன் அதை ரொம்ப நேரம் பார்த்தான். பெருமாளின் முகத்திலிருந்து அவ்வளவு கீழே இறங்கிவிட்ட துக்கம் அந்தப் பிள்ளை கண்ணில் தெரிந்தது. “மாத்தாத வுட்டுடுங்களேன் மேடம்” என்றான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் பெயரையும் சேர்த்து மேலிடத்துக்கு எழுதினேன். உத்தரவு வந்ததும் முறையாகத் திருத்தி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி அவனுக்கு அனுப்பிவைத்தேன்.

அதன் பிறகு, உள்ளே மச்சமே இல்லை, இனி வேண்டுதல் எதற்கு என்று தாடியை எடுத்துவிட்டானாம். எடுத்த மூன்றாம் மாதம் பெண் அமைந்தது. திருவிடந்தைக் கோயிலிலேயே கல்யாணம். நானும் போயிருந்தேன். மாலையும் கழுத்துமாக வெளியே வந்தவனை ஒரு அத்தை நிறுத்தி, கண் பட்டுவிடும் என்று மையைத் தொட்டு அவன் தாவாங்கட்டையில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என் பழைய சான்றிதழ் சரியாக இருந்தது.